மலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி: டர்பனில் நடந்த ஒரு வகுப்பின் மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் மூத்த மாணவர்களைப் பள்ளி விடுமுறைகளில் மலைநடைக்கும் கடற்கரை முகாமுக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகளுக்கும் அவர்களுடன் வரும் பெரியவர்களுக்கும் சேர்த்து முறையான முதலுதவிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவானதும், டர்பனில் உள்ள தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்றில் குழுவாகப் பதிவு செய்தோம். இரண்டு நாள் வகுப்பறைப் பயிற்சியும், அதற்குப் பிறகு விரும்பியவர்கள் மட்டும் சேரக்கூடிய ஒரு நாள் வெளிக்களப் பயிற்சியும் கொண்ட ஏற்பாடு அது. குறைகள் சிலவற்றையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே பாடத்தை நாட்டில் பல நிறுவனங்கள் நடத்துகின்றன என்பதால், எங்கே சேர விரும்புபவருக்கும் இந்த மதிப்பீடு உதவும்.

நெஞ்சழுத்தம், மூச்சு கொடுத்தல், இரத்தப் போக்கை நிறுத்துதல் ஆகிய மூன்றையும் கைகளுக்கு நன்றாகப் பழக்கிக் கொடுத்த வகையில் முதல் இரண்டு நாள்கள் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவையாகவே இருந்தன. ஆனால் ஆம்புலன்ஸ் சற்று நேரத்தில் வந்துவிடும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட பாடம் அது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் அப்படி வருவதில்லை. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டை அடையவே ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய இடங்களில், உதவி வந்து சேரும்வரை அடிபட்ட பிள்ளையை எப்படிப் பேணிக் காப்பது என்பதுதான் முதன்மையான கேள்வி. அதற்கு மூன்றாம் நாள்தான் விடை தந்தது. ஆகவே இளையோரை வெளியே அழைத்துச் செல்பவர்கள் மூன்றாம் நாளைச் சேர்க்காமல் இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வகுப்பறைப் பாடம் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் முதலுதவிப் பயிற்சி நிலை 1, நிலை 2, நிலை 3 என்று படிப்படியாகக் கற்பிக்கப்படுகிறது. இந்தச் சான்றிதழ்களைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைகளும் கடைகளும் அனுப்பிவைக்கும் ஊழியர்கள். 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலம், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் உள்ள பொதுப் பாதுகாப்பு விதிகளின்படி, 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், வேலை நேரத்தில், செல்லுபடியாகும் சான்றிதழ் பெற்ற முதலுதவியாளர் இருந்தாக வேண்டும். கடைகளிலும் அலுவலகங்களிலும் 100 பேர் வரைக்கு ஒருவர், ஏனைய இடங்களில் 50 பேர் வரைக்கு ஒருவர் என்பது கணக்கு. எனவே வகுப்பில் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டுகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தில் விரல் சிக்கியவர், ஏணியிலிருந்து விழுந்தவர், மின்கம்பியைத் தொட்டவர் ஆகியோரைப் பற்றியவை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அவற்றை மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். இளையோர் குழு வருகிறது என்று முன்பே எழுத்தில் சொல்லியிருந்தும் எடுத்துக்காட்டுகளை மாற்றிக்கொள்ள நிறுவனம் முயலவில்லை என்பது என் முதல் குறை.

இனி, நன்றாக இருந்ததைச் சொல்கிறேன். ஆசிரியர் பல ஆண்டுகள் ஆம்புலன்ஸில் பணியாற்றிய ஜூலு அம்மையார். பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே அவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர். பாடத்துக்கு அவர் கொடுத்த நேரமும் பொறுமையும் பாராட்டத்தக்கவை. 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகமும், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழமும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலெழ விடுவதும் ஒவ்வொருவர் கைக்கும் வரும்வரை அவர் விடவே இல்லை. பயிற்சிக்கு வைத்திருந்தவை, சரியான ஆழத்தில் அழுத்தினால் ‘டக்’ என்று ஒலி எழுப்பும் மனித உருவப் பொம்மைகள். மெலிந்த உடல்வாகுள்ள ஒரு பெண் எவ்வளவு முயன்றும் அந்த ஒலி எழவில்லை. முழங்கையை மடக்கி, கையின் வலிமையால் மட்டுமே அவள் அழுத்திக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவள் தோள்களைப் பிடித்துப் பொம்மையின் மார்புக்கு நேர் மேலாகக் கொண்டுவந்து, “கையை நீட்டி வை, உடம்பின் எடை வேலை செய்யட்டும்” என்றார். அடுத்த அழுத்தத்திலேயே ஒலி கேட்டது. தன் எடையைவிட இரண்டு மடங்கு எடையுள்ளவரையும் தன்னால் காப்பாற்ற முடியும் என்று அந்தப் பெண் அன்று தெரிந்துகொண்டாள். காணொளி பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. கோயிலில் மேளம் வாசிக்கும் ஒரு பையன் வேகத்தை ஒரே சீராகப் பிடித்ததால், மற்றவர்கள் அழுத்தும்போது அவனையே எண்ணச் சொன்னார் சிஸ்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதியை, களைத்துப் போன பிறகு அழுத்தம் எவ்வளவு மேலோட்டமாகிவிடுகிறது என்று ஒவ்வொருவரையும் செய்து பார்க்க வைத்தே புரியவைத்தார். 12 வயதிலிருந்தே பள்ளிகளில் ஆண்டுக்கு 2 மணி நேரம் இதைக் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஒப்புதல் அளித்தது. அது எவ்வளவு நியாயமானது என்பதை அந்தப் பிற்பகலில் கண்ணால் கண்டேன்.

சி.பி.ஆர். பகுதியில் ஒரே ஒரு குறை உண்டு. சிறுவர் உருவப் பொம்மை ஒன்றுகூட இல்லை. குழந்தையின் மார்பை அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று வாயால் சொன்னார்கள். தம்பி தங்கைகளையும் அழைத்துவரும் முகாம்களுக்கு இது போதாது.

இரண்டாம் நாள் காலை வீட்டு வைத்தியத்தின் முறை. இந்தப் பகுதி நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தீக்காயத்துக்கு வெண்ணெய், பற்பசை, மஞ்சள் ஆகியவற்றைப் பூசுவதும், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பதும் நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் பழக்கங்கள். பிள்ளைகள் இவற்றை வீட்டில் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள்; அவசரம் என்று வந்துவிட்டால் கை தானாக அங்கேதான் போகும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். எதையும் பூசாமல் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூட வேண்டும். வலிப்பு வந்தவரைச் சுற்றியுள்ள கல், முள் போன்றவற்றை அகற்றி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்; வாயில் எதையும் வைக்கக் கூடாது; அடங்கிய பிறகு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூக்கிலிருந்து இரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிஸ்டர் எந்த வழக்கத்தையும் எள்ளி நகையாடவில்லை. “எங்கள் கோகோவும் இப்படித்தான் செய்வார்” என்று தம் பாட்டியைப் பற்றிச் சொல்லி, அது ஏன் தீங்காகிறது என்று விளக்கினார். அந்த மரியாதை இருந்ததால்தான் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தம் ஆயாவிடமும் அதை எடுத்துச் சொன்னார்கள்.

ஆஸ்துமாவைப் பற்றிய அரை மணி நேரமும் பயனுள்ளதாக இருந்தது. எங்கள் குழுவிலேயே மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பம்பை நேராக வாயில் வைத்து அடிப்பதைவிட பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் என்னும் உள்ளீடற்ற குழாயை வைத்து இழுத்தால் மருந்து நுரையீரலுக்குள் நன்றாகப் போகும். ஸ்பேசர் கையில் இல்லாவிட்டால் 500 மில்லிலிட்டர் குளிர்பானப் புட்டியின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்துமளவு துளையிட்டு அதையே பயன்படுத்தலாம். கேப் டவுன் செஞ்சிலுவைக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இது ஈடாக வேலை செய்கிறது என்று 1999-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே பிறந்த இந்த எளிய வழியைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு பையிலும் தண்ணீர்ப் புட்டி எப்படியும் இருக்கும் என்பதால், மலைநடைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

வகுப்பறைப் பயிற்சியின் பெரிய ஏமாற்றம் பாம்புக்கடி. எங்கள் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் இளையோரை வெளியே அழைத்துச் செல்பவர் எவருக்கும் இதுவே முதல் அச்சம். இதற்கு ஒதுக்கப்பட்டதோ திரையில் ஒரு பக்கம்: கட்டாதே, வெட்டாதே, உறிஞ்சாதே, மருத்துவமனைக்குப் போ. நான்கும் உண்மைதான். ஆனால் எந்தப் பாம்பின் நஞ்சு உடலை என்ன செய்கிறது என்று தெரியாமல், மருத்துவமனை போய்ச் சேரும்வரை எதைக் கவனிப்பது என்று ஒருவருக்கும் விளங்காது. இந்தக் குறையை வெளிக்கள நாளில் வந்த இரண்டாம் பயிற்றுநர்தான் தீர்த்தார். அவர் பாம்பு பிடிப்பதில் நெடுநாள் அனுபவம் உள்ளவர். நாங்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில் பகுதிகளின் புதர் மண்டிய பள்ளங்களில் கறுப்பு மாம்பா இருக்கிறது; கடலோரக் காடுகளில் பச்சை மாம்பா, மரங்களில் பூம்ஸ்லாங், தோட்டங்களில்கூட மொசாம்பிக் துப்பும் நாகம்; மலையை நோக்கிச் செல்லும் புல்வெளிகளில் பஃப் ஆடரும் ரிங்கால்ஸும்; உயர்ந்த மலைச்சரிவுகளில் பெர்க் ஆடர். இவற்றை இடத்தோடு பொருத்திச் சொன்னதால் பிள்ளைகளின் மனத்தில் நன்றாகப் பதிந்தது.

அதன் பிறகு அவர் விளக்கியது இந்தப் பயிற்சியிலேயே மிகச் சிறந்த பகுதி. மாம்பாவின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சு விடும் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கடிபட்டவர் மூச்சு நின்று இறக்கிறார். அப்படியானால், வேறொருவர் இடைவிடாமல் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் மருத்துவமனை சேரும்வரை அவரை உயிரோடு வைத்திருக்க முடியும். முதல் நாள் பொம்மையின் முகத்தில் முகமூடியைப் பொருத்தி மூச்சு கொடுக்கப் பழகியது எதற்காக என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது. பஃப் ஆடரும் துப்பும் நாகமும் வேறு வகை: அவற்றின் நஞ்சு கடித்த இடத்தின் சதையை அழித்துக் கடும் வீக்கத்தை உண்டாக்கும். மாம்பா என்று உறுதியாகத் தெரிந்து, மருத்துவமனையும் தொலைவில் இருந்தால், கையையோ காலையோ நெடுக நெகிழ்துணியால் அழுத்திச் சுற்றி அசையாமல் வைப்பது நஞ்சு பரவுவதைத் தாமதப்படுத்தலாம். அதே கட்டைப் பஃப் ஆடர் கடிக்குப் போட்டால் கேடுதான் அதிகமாகும். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கட்ட வேண்டாம், பிடிக்கவோ கொல்லவோ முயலவும் வேண்டாம், விரைந்து கிளம்புங்கள் என்றார். துப்பும் நாகத்தின் நஞ்சு கண்ணில் பட்டால் 15 முதல் 20 நிமிடம் வரை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீக்கம் தொடங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு பையனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கோயிலில் கட்டிய சிவப்புக் காப்புக் கயிறு அங்கே பல சுற்றாக இறுகக் கட்டப்பட்டிருந்தது. கை வீங்கினால் அந்தக் கயிறே இறுக்குக் கட்டாகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். ஆகவே தயங்காமல் வெட்டிவிட வேண்டும். இதை வேறு எந்தப் பயிற்றுநரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் பிள்ளைகளில் பலர் கையில் அந்தக் கயிறு இருப்பதால் பெற்றோர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிக்கள நாள் குளூஃப் அருகே உள்ள கிரான்ட்ஸ்குளூஃப் இயற்கைக் காப்பகத்தில் நடந்தது. பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கும் செங்குத்தான பாதை அது. நகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், கீழே போய்விட்டால் தனித்துவிடப்பட்ட உணர்வு வந்துவிடுகிறது. அங்கே ஒரு பெண் பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தவளாகவும், ஒரு பையன் காலில் பாம்பு கடித்தவனாகவும் நடிக்க, மற்றவர்கள் பெரியவர் உதவியின்றி எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் நான் கவனித்தவை பல. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

கடிபட்டவனைப் பார்த்துக்கொண்ட மாணவி, வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று அவன் காலைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் நேரத்தை எழுதினாள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் வந்து விரலை வைத்து, “இப்போது வீக்கம் இங்கே” என்று காட்ட, அவள் அடுத்த கோடு போட்டாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகளும் நேரங்களும் ஏறிக்கொண்டே போயின. மருத்துவமனையில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் காலே விடை சொல்லிவிடும். கூடவே, மூச்சு எத்தனை, கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். காத்திருக்கும் நேரம் வெறும் நேரமாகக் கழியாமல் வேலையாக மாறியதால் அவளுக்குப் பதற்றம் அடங்கியது. படுத்திருந்தவனுக்கும் அது தெம்பைக் கொடுத்திருக்கும்.

இன்னொன்று, உதவிக்கு ஆள் அனுப்பிய விதம். முதலில் ஒரு பையன் தனியாக ஓடப் பார்த்தான். பெரிய பெண் ஒருத்தி, “தம்பி, நில்லு, தனியா போகாதே” என்று தடுத்து, இன்னொருவனையும் சேர்த்து அனுப்பினாள். போவதற்கு முன் இடம், நேரம், எத்தனை பேர், என்ன காயம், என்ன செய்திருக்கிறோம், என்ன தேவை என்று எழுதிய சீட்டை அவர்கள் கையில் கொடுத்தாள். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112 என்று எண்களும் அதே சீட்டில் இருந்தன. மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தவன் வாயால் சொல்லும் செய்தியைவிடத் தாளில் எழுதிய செய்தி நம்பகமானது என்பதை மேலே நின்றிருந்த பயிற்றுநர் ஒரு சோதனையால் காட்டினார்: சீட்டைப் பார்க்காமல் சொல்லச் சொன்னபோது, இருவரும் காயமடைந்தவர்களின் எண்ணிக்கையையே மாற்றிச் சொன்னார்கள்.

இரண்டு கம்புகளும் சில மேலங்கிகளும் கொண்டு தூக்குப்படுக்கை செய்து, கணுக்கால் முறிந்தவளாக நடித்த பெண்ணைச் சுமந்து ஏறியபோதுதான் பாடத்தின் கனம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு பேர் மாறி மாறித் தூக்கியும் சிறு தூரத்துக்குள் கை சோர்ந்துவிடுகிறது. தூக்கிச் செல்வதா, அங்கேயே காத்திருப்பதா என்ற முடிவை எடுக்கும் முன்பு பாதையையும் ஆள் பலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஏற்றம் சொல்லிக் கொடுத்தது. நாங்கள் டிராக்கன்ஸ்பெர்க் போகும் வழியில் ஸ்பியன் கோப் குன்று இருக்கிறது. 1900 ஜனவரியில் அங்கே நடந்த போரில், காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் காயமடைந்த வீரர்களைத் தூக்குப்படுக்கைகளில் சுமந்து சென்றார்கள். அந்தப் படையின் ஏறத்தாழ 1,100 பேரில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நம் முன்னோர் வந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து போனவர்கள். வகுப்பில் வரலாறாகச் சொன்னபோது சாதாரணமாகக் கேட்டுக்கொண்ட பிள்ளைகள், கை வலித்த பிறகு அதை வேறு விதமாகக் கேட்டார்கள்.

மின்னலும் குளிரும் வெளிக்கள நாளில் பேச்சளவில் மட்டும் வந்தன. ஆனாலும் சொன்னது தெளிவாக இருந்தது. கோடைப் பிற்பகல்களில் டிராக்கன்ஸ்பெர்க்கில் இடியுடன் மழை வருவது வழக்கம் என்பதால், முகடுகளில் ஏறுவதை முற்பகலுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை, தொடலாம். பலர் ஒரே நேரத்தில் விழுந்தால், மூச்சின்றிக் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். வழக்கமான விபத்துகளில் செய்வதற்கு இது நேர்மாறானது என்பதால் பயிற்றுநர் இருமுறை சொன்னார். மழையில் நனைந்து நடுங்கும் பிள்ளைக்கு மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம். ஈரத் துணியைக் களைந்து, தரையிலிருந்து உடலைப் பிரிக்க ஒரு பாய் விரித்து, உலர்ந்த உறக்கப் பைக்குள் வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். டிராக்கன்ஸ்பெர்க்கின் மாஃபாடி முகடு 3,450 மீட்டர் உயரம். அங்கே பனி பெய்யும் என்பதை டர்பன் வெயிலில் வளரும் பிள்ளைகளும் பெற்றோரும் எளிதில் நம்புவதில்லை.

கடல் முற்றாக விடுபட்டிருந்தது. கடற்கரை மாநிலத்தில் நடக்கும் இளையோர் பயிற்சியில் இது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதையும், நீந்தி இழுக்கப் போகிறவர் தாமும் மூழ்கிவிடக்கூடும் என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கடற்கரைகளில் கம்பங்களில் தொங்கும் இளஞ்சிவப்பு மிதவைகளைத் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் 2017 முதல் வைத்து வருகிறது. அவை எதற்கு என்று எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. ஜெல்லிமீனைப் போன்ற புளூபாட்டில் என்னும் கடலுயிர் கொட்டினால் ஒட்டியிருக்கும் இழைகளைக் கடல்நீரால் கழுவி நீக்கி, தோல் பொறுக்குமளவு, ஏறத்தாழ 45 பாகைச் சுடுநீரில் அந்த இடத்தை வைக்க வேண்டும் என்பதையாவது பாடத்தில் சேர்த்திருக்கலாம்.

மாணவிகளின் வசதியைப் பற்றிப் பெற்றோர்கள் என்னிடம் கேட்டார்கள். உடலைத் தலை முதல் கால் வரை சோதிக்கும் பயிற்சியைப் பெண்கள் பெண்களிடமே செய்ய ஏற்பாடு செய்தார்கள். மார்பின் மேல் எங்கே கை வைப்பது என்பதைப் பொம்மையில்தான் காட்டினார்கள். அதோடு, உண்மையான ஆபத்தில் ஆண் பெண் பார்த்துத் தயங்கக் கூடாது என்பதையும் சிஸ்டர் அழுத்தமாகவே சொன்னார். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பயிற்சியோடு சேர்த்து விற்கும் முதலுதவிப் பெட்டியை வாங்க வேண்டாம். சட்டம் கேட்கும் பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது சுவரில் மாட்டுவதற்காகச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. முதுகுப் பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதே பணத்தில் நீர் புகாத ஒரு துணிப்பை வாங்கி, மூச்சு கொடுக்கும் முகமூடி, கையுறை, அகலமான நெகிழ்துணிக் கட்டுகள், முக்கோணத் துணிகள், இரத்தத்தை உறிஞ்சும் தடித்த பஞ்சுத் திண்டுகள், கத்தரிக்கோல், உண்ணி எடுக்கக் கூர்மையான இடுக்கி, வெள்ளித்தாள் போர்வை, வாய்வழி நீரேற்று உப்புப் பொட்டலங்கள், தாள், பென்சில் ஆகியவற்றை நாங்களே சேர்த்துக்கொண்டோம். நடந்த வழியில் உண்ணி கடித்து, சில நாள் கழித்துக் கறுத்த புண்ணும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், மருத்துவரிடம் நடைப்பயணம் போனதைச் சொல்லுங்கள் என்ற குறிப்பையும் பையின் உள்மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கட்டணம் குழுவின் அளவைப் பொறுத்து மாறுவதால் தொகையை எழுதிப் பயனில்லை. பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஒரு பொம்மைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் என்றால் பாதி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே போய்விடும். சிறுவர் பொம்மை உண்டா, வெளிக்கள நாள் உண்மையில் வெளியே நடக்குமா, பாம்புக்கடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள், தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்ட நிறுவனமா என்பவற்றையும் கேளுங்கள். 14 முதல் 24 வயது வரையிலான இளையோருக்கான அதிபர் விருதுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, அதன் துணிகரப் பயணப் பகுதிக்கு முன்னால் இந்தப் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

நிலை 1 சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். கை அவ்வளவு நாள் நினைவு வைத்திருக்காது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு பிற்பகல் பொம்மைகளை மட்டும் வாடகைக்குத் தரும்படி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த குழுவுக்கு மூன்று நாளையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். கடலுக்கான பாடத்தை மட்டும், கடற்கரை உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர் ஒருவரைத் தனியாக அழைத்து நடத்தப் போகிறோம்.